மூன்றாவது கட்டத்தை நிரப்பச் சொன்னவர்களுக்கு

அன்புள்ள அக்காவுக்கும் அத்தைக்கும் என் மாலை நேர வகுப்புத் தோழர்களுக்கும்,

வகுப்புக்கும் ஆசிரியர்களுக்கும் ஆங்கிலத்தில் ஒரு நன்றிக் கடிதம் போன வாரமே அனுப்பிவிட்டேன். மரியாதையான கடிதம்தான், ஆனால் சொல்ல நினைத்ததில் பாதிகூட அதில் வரவில்லை. இந்த நாலு வருட மாலை நேரப் படிப்பில் நான் தடுமாறிய நேரங்களில் என்னிடம் தமிழில் பேசியவர்கள் பலர். அவர்களுக்குத் தமிழில் எழுதினால்தான் எனக்கு மனம் ஆறும்.

2021 ஆகஸ்ட்டில் படிப்பைத் தொடங்கினேன். பகலில் சிங்கப்பூரின் துவாஸில் வேலை, இரவு 7 முதல் 10 வரை வகுப்பு. கோவிட் கட்டுப்பாடுகள் இருந்ததால் முதல் பருவம் முழுக்க ஸூமில்தான் நடந்தது. "யார் வகுப்புப் பிரதிநிதியாக இருக்கிறீர்கள்?" என்று விரிவுரையாளர் கேட்டார். 34 பேர் இருந்தும் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. நான் சரி என்றேன். அறிவிப்பை வாட்ஸ்அப்பில் போட வேண்டும், குறை இருந்தால் மேலே சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை என்று நினைத்தேன்.

அந்தப் பருவத்திலேயே பெரிய தவறு செய்தேன். அசைன்மென்ட் மதிப்பெண் வரத் தாமதமானது. வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்குக் கோபமாக எழுதினார்கள். நான் அந்தச் செய்திகளை அப்படியே படம் பிடித்து, பெயர்களோடு, பாடத்துறைத் தலைவருக்கு அனுப்பிவிட்டேன். மருத்துவமனையில் தாதியாக இருக்கும் தோழி ஒருத்தி, இரவு வேலை முடிந்த களைப்பில் எழுதிய வரியும் அதில் இருந்தது. அவள் இரண்டு வாரம் என்னிடம் பேசவில்லை. அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. தோழி, அன்று மன்னிப்புக் கேட்டேன், நீயும் மன்னித்தாய். இங்கே எல்லார் முன்னாலும் இன்னொரு முறை கேட்கிறேன்.

விரிவுரையாளர் என்னைத் திட்டவில்லை. "34 பேரில் எத்தனை பேருக்கு இந்தக் குறை? அவர்கள் கேட்பது என்ன?" என்று இரண்டே கேள்விதான் கேட்டார். என்னிடம் இரண்டுக்கும் பதில் இல்லை.

இரண்டு ஆண்டு முன்னால் சேர்ந்து, அப்போது பிரதிநிதியாக இருந்த அக்காவை அதற்குப் பிறகுதான் தேடிப் போனேன். தேக்காவில் ஒரு கடையில் தேநீர் ஆறிப்போகும்வரை நான் புலம்பியதைக் கேட்டுவிட்டு, பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று கட்டம். என்ன கேட்டார்கள், யாரிடம் கொண்டுபோனேன், கேட்டவர்களிடம் திரும்பி வந்து என்ன சொன்னேன். "முதல் ரெண்டும் எல்லாரும் எழுதிடுவாங்க. மூணாவதைப் பாரு, காலியா இருந்தா நீ இன்னும் வேலையை முடிக்கலன்னு அர்த்தம். 'முடியாதுன்னு சொல்லிட்டாங்க'ன்னு சொல்றதும் பதில்தாம்மா" என்றார்.

அக்கா, அன்று ஈசூனுக்குப் போகும் ரயிலில் உட்கார்ந்து, முதல் பருவத்தில் நடந்ததையெல்லாம் மூன்று கட்டம் போட்டு எழுதிப் பார்த்தேன். மூன்றாவதில் ஒரு வரிகூட இல்லை.

அடுத்த பருவத்தில் பெயர் போடத் தேவையில்லாத படிவம் ஒன்று அனுப்பினேன். கற்க உதவுவது எது, தடையாக இருப்பது எது, இந்தப் பருவத்துக்குள்ளேயே மாற்றக்கூடியது எது என்று மூன்று கேள்விகள். குழுவில் சத்தமாக ஒலித்த குறைகளைப் படிவத்தில் எழுதியவர்கள் ஐந்தாறு பேர்தான். குழுவில் ஒருமுறைகூடப் பேச்சுக்கு வராத ஒரு விஷயத்தை ஒருவர் ஒரே வரியில் எழுதியிருந்தார். 2022 ஏப்ரலில் நோன்பு மாதம். இங்கே நோன்பு திறக்கும் நேரம் இரவு ஏழே கால் வாக்கில் வரும். வகுப்பு தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், விரிவுரைக்கு நடுவே, மலாய்த் தோழர்கள் மேசைக்கடியில் பேரீச்சம்பழத்தை வைத்துக்கொண்டு எப்போது வாயில் போடுவது என்று பார்த்திருக்கிறார்கள். பக்கத்து வரிசையில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். கவனிக்கவே இல்லை.

விரிவுரையாளரிடம் சொன்னேன். எட்டரை மணி இடைவேளையிலிருந்து பத்து நிமிடத்தை எடுத்து 7.10க்குக் கொண்டுவந்தார். யாருக்கும் ஒரு நிமிடம்கூட நஷ்டமில்லை. மறுநாள் வகுப்பில் அறிவித்தபோது கடைசி வரிசையில் ஒருவர் தலையை மட்டும் அசைத்தார். எழுதியவர் அவர்தானா என்று நான் கேட்டதில்லை. அந்த ஒரு வரியை எழுதியவர் யாராக இருந்தாலும், உங்களுக்கு என் நன்றி. இதுவரை தமிழ் தெரியாத யாருக்காவது இந்த மடலைப் படித்துக் காட்ட ஆசைப்பட்டேன் என்றால் அது உங்களுக்குத்தான்.

ரிசர்விஸ்ட் அழைப்பு (தேசிய சேவை முடித்தவர்களை மறுபடி பயிற்சி முகாமுக்குக் கூப்பிடுவது) வந்து, சிலர் சேர்ந்து செய்யும் பாடக் குழு வேலையில் பாதியில் போக வேண்டியிருந்த அண்ணனுக்கும் நன்றி. ஆண்டுக்கு 40 நாள்வரை அழைக்கலாம் என்பது சட்டம், அதில் அவர் செய்ய ஒன்றுமில்லை. ஆனாலும் குழுவிலிருந்து அவர் பெயரை எடுத்துவிடலாம் என்று பேச்சு எழுந்தது. அவர் யாரிடமும் சண்டை போடாமல், முகாமுக்குப் போகுமுன் மூன்று இரவு விழித்துத் தன் பகுதியை முடித்துப் பதிவுசெய்து அனுப்பினார். அடுத்த பருவத்திலிருந்து, குழு பிரிக்கும்போதே யாருக்கு எந்த வாரம் அழைப்பு என்று கேட்டு வைக்கும் பழக்கம் அவரால் வந்தது.

2024 செப்டம்பர் 25 அன்று ஜூரோங் கிழக்குக்கும் புவன விஸ்தாவுக்கும் இடையே ரயில் நின்றது. ஆறு நாள் ஓடவில்லை. அந்த வெள்ளிக்கிழமை நள்ளிரவு அசைன்மென்ட் கெடு. குழுவில் பதற்றம் தொடங்கியதும், பாதிக்கப்பட்டவர்கள் தங்கள் நிலையத்தை மட்டும் எழுதுங்கள் என்றேன். அரை மணி நேரத்தில் 11 பேர். நாலு வரி மின்னஞ்சல், பெயர் இல்லை, எண்ணிக்கை மட்டும். எங்கள் படிப்பைக் கவனிக்கும் அலுவலகத்தில் இருக்கும் அம்மையார் அன்றிரவே மூன்று நாள் நீட்டிப்பு வாங்கித் தந்தார். ஒவ்வொரு பருவமும் என் கேள்விகளுக்குச் சலிக்காமல் பதில் போட்டவர் அவர். 2021இல் இருந்த நான் அன்று அந்த நாலு வரியை எழுதியிருக்க முடியாது.

அத்தை, உங்களுக்கு என்ன சொல்ல! பத்தே முக்காலுக்கு வீடு வந்தால் "முதல்ல சாப்பிடு, அப்புறம் போனைப் பாரு" என்று தட்டை நீட்டுவீர்கள். பதினொரு மணிக்கு மேல் குழுவில் பதில் போடாதே, கோபத்தில் கேட்டவர்களும் காலையில் வேறு மாதிரி கேட்பார்கள் என்று சொன்னதும் நீங்கள்தான். நீங்கள் சொன்னது பலமுறை அப்படியே நடந்தது. நாலு வருடமும் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தைப் பார்த்துக்கொண்டதும் நீங்கள்தான்.

அக்காவைப் போலவே மூன்று கட்டம் போட்டு நான் எழுதிவந்த நோட்டை அடுத்த பிரதிநிதியிடம் கொடுத்துவிட்டேன். அதில் ஒரு பக்கத்தில் மூன்றாவது கட்டம் இன்னும் காலி. முகாமில் இருப்பவர்களுக்கு விரிவுரைப் பதிவுகளை இரண்டு வாரம் கூடுதலாகத் திறந்து வைக்க முடியுமா என்று கேட்டிருந்தோம் இல்லையா? அடுத்த கூட்டத்தில் முடிவு சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். பதில் எதுவாக இருந்தாலும், கேட்ட ஏழு பேருக்கும் நானே அழைத்துச் சொல்கிறேன்.

நன்றியுடன்,
உங்கள் வகுப்புப் பிரதிநிதி
ஈசூன், சிங்கப்பூர்