மறைத்த ஒன்பது நாட்கள்

மஞ்சக்குப்பம், கடலூர்.

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் காலைக் காட்டச் சொன்னாய். நான் பேச்சை மாற்றிவிட்டேன். அன்று முதல் மனம் உறுத்துகிறது. கணுக்கால் வீங்கியிருப்பது உண்மைதான். ரத்த அழுத்தத்துக்கும் நெஞ்சுவலி வராமல் இருக்கவும் நான் போடும் அம்லோடிபின் மாத்திரையால் வருவது அது. அந்த வீக்கத்துக்குப் பயந்து, ஒன்பது நாள் அந்த மாத்திரையை யாரிடமும் சொல்லாமல் நிறுத்தியிருந்தேன்.

முதல் இரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. அதுதான் என்னை ஏமாற்றியது. ரத்தத்தில் இருக்கும் மருந்து பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகுமாம். மிச்சமிருந்த மருந்து காப்பாற்றியதை என் உடம்பின் பலம் என்று நினைத்துவிட்டேன். ஒன்பதாம் நாள் காலை, கெடிலம் பாலத்தில் நடக்கும்போது மார்பில் பாறாங்கல்லை ஏற்றியது போல இறுகியது. ஓரமாக உட்கார்ந்து, நெஞ்சுவலிக்கு உடனே போடும் சார்பிட்ரேட் மாத்திரையை நாக்கின் அடியில் வைத்தேன். சில நிமிடத்தில் விட்டது. வலி வந்தபின் அம்லோடிபினை விழுங்கிப் பயனில்லை கண்ணு, அது வேலை செய்யவே பல மணி நேரம் ஆகும். வராமல் காப்பதற்குத்தான் அது.

அன்றே மருத்துவரிடம் போனேன். ரத்த அழுத்தம் 170/100. அவர் கோபிக்கவில்லை, அதுவே எனக்குக் கூச்சமாக இருந்தது. ரத்தக்குழாய்ச் சுவரின் தசைக்குள் கால்சியம் நுழைந்தால் தசை இறுகும்; மாத்திரை அந்த நுழைவைக் குறைப்பதால் குழாய் தளர்ந்து விரிகிறது, இதயத்தின் சுமையும் குறைகிறது. அப்படி விரியும்போதுதான் காலில் நீர் கசிகிறதாம். இதயத்தையும் சிறுநீரகத்தையும் சோதித்து, அவற்றில் கோளாறு இல்லை என்றார். நீர் மாத்திரை கேட்டேன். இந்த வீக்கத்துக்கு அது அவ்வளவாக உதவாது என்று சொல்லி, 10 மில்லிகிராமை 5 ஆக்கி வேறொரு மருந்தைச் சேர்த்திருக்கிறார்.

உன் அம்மா வேறு, கால்சியத்தைத் தடுக்கும் மாத்திரை என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கேழ்வரகுக் கூழையே நிறுத்தியிருந்தாள். சாப்பாட்டுக் கால்சியத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, எலும்பும் தேயாது என்று மருத்துவர் சொன்னபிறகு கூழ் திரும்பிவிட்டது. கூழுக்குத் தொட்டுக்கொள்ளும் கருவாட்டை மட்டும் உப்புக்காக விட்டுவிட்டேன்.

மருந்தை நிறுத்துங்கள் என்று நீ சொன்னது பாசத்தால் என்று தெரியும். இனி நீயும் சொல்லாதே, நானும் செய்யமாட்டேன். இன்னொன்று. பேறுகாலத்தில் உனக்கு அழுத்தம் ஏறியதே, அதன்பிறகு ஒருமுறையாவது பார்த்தாயா? அப்படி ஏறியவர்களுக்குப் பின்னாளில் திரும்ப வர வாய்ப்பு அதிகம். இந்த வாரமே பார்த்து, எண்ணை எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா