தேவனாம்பட்டினம் கடலில் கொடி நட வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்து வளர்ந்தவன். ஐந்து வருடமாக ஜப்பானில், யோகோஹாமாவில் வேலை. அங்கே ஆகஸ்ட் நடுவில் ஓபோன் என்று முன்னோர்களுக்குப் படைக்கும் நாட்கள் வரும், நமக்குப் பொங்கல் மாதிரி எல்லோரும் சொந்த ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். ஊருக்கு வர முடியாத பண்ருட்டி நண்பரும் வில்லியனூர் நண்பரும் நானும், கூட வேலை பார்க்கும் ஜப்பானிய நண்பரும் போன வருடம் லீவு தொடங்கிய சனிக்கிழமையே காமகுராவுக்கு ரயில் ஏறினோம். ஓபோன் நாளில் மட்டும் கடல் வேண்டாம், செத்தவர்கள் காலைப் பிடித்து இழுப்பார்கள் என்று ஜப்பானிய நண்பரின் பாட்டி சொல்வாராம். அந்தச் சமயத்தில் சொறிமீனும் கரைப்பக்கம் கூடிவிடும் என்றார், சரி, எங்களுக்கு அந்தக் காரணமே போதும்.

யுயிகஹாமா கடற்கரையில் கோடைக்கு மட்டும் போடும் கடைகள் வரிசையாக இருந்தன, குளிக்க, உடை மாற்ற எல்லாம் அங்கேயே. சிரப் ஊற்றிய ஐஸ் தூளைச் சாப்பிட்டோம். கண்ணைக் கட்டிக்கொண்டு கட்டையால் தர்பூசணியை உடைத்தோம், நம் உறியடியேதான்! நாள் முழுக்கச் சிரித்தோம், ஆனால் நான் இந்தக் கடிதம் எழுதுவது அதற்காக அல்ல.

குளிக்கும் இடத்தைச் சுற்றி மிதவை கட்டியிருந்தார்கள். நீலக் கொடி என்றால் இறங்கலாம், மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் இறங்கவே கூடாது. மேடையில் உயிர்காப்பாளர்கள் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பண்ருட்டி நண்பர் தெரியாமல் மிதவையைத் தாண்டியதும் ஒரு பெண் பலகையில் துடுப்புப் போட்டு வந்து அவரைத் திருப்பி அழைத்து வந்தார். பக்கத்து அறிவிப்புப் பலகையில் சிவப்பும் வெள்ளையும் கட்டம் போட்ட கொடியின் படம். சுனாமி எச்சரிக்கை வந்தால் அசைப்பதற்கு, 2020இல் கொண்டுவந்தார்களாம், காது கேளாதவர்களுக்கும், அலைச் சத்தத்தில் சைரன் கேட்காதவர்களுக்கும் கண்ணால் தெரியட்டும் என்று. அதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. 2004 டிசம்பர் 26 காலையில் நம் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் போனார்களே.

அப்புறம் இன்னொரு ஞாபகம். எட்டாம் வகுப்பு முழுப் பரீட்சை லீவில் நாங்கள் ஆறு பேர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் பேன்ட் சட்டையோடு இறங்கினோம். முழங்கால் தண்ணீரில் நின்ற நண்பன் கண் மூடித் திறப்பதற்குள் இருபதடி தள்ளிப் போய்விட்டான், கத்தக்கூட இல்லை. வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவ அண்ணன் ஒருவர் பாய்ந்து போய் தலைமுடியைப் பிடித்து இழுத்து வந்தார். அவன் இன்று வரை கடலில் கால் வைப்பதில்லை.

கரையிலிருந்து உள்ளே இழுக்கும் அந்த நீரோட்டத்தை எதிர்த்து நீந்தக் கூடாது, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் போய் வெளியே வர வேண்டும், முடியாவிட்டால் மல்லாந்து மிதந்து கையை ஆட்ட வேண்டும் என்று எனக்குச் சொன்னது அந்த ஜப்பானிய நண்பர்தான், அதுவும் என் முப்பத்திரண்டு வயதில்! 'மிதந்தபடி காத்திரு' என்று அவர்கள் பள்ளியிலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். உடுத்திய உடையோடும் ஷூவோடும் நீச்சல் குளத்தில் இறக்கி மிதக்கப் பழக்குவதும் உண்டு. இதற்குப் பின்னால் பெரிய துக்கம் இருக்கிறது. 1955 மே 11 அன்று பனிமூட்டத்தில் ஷியுன் மாரு என்ற கப்பல் இன்னொரு கப்பலோடு மோதி மூழ்கியதில் 168 பேர் இறந்தார்கள், அதில் 100 பேர் சுற்றுலா வந்த பள்ளிப் பிள்ளைகள். அதன் பிறகுதான் நாடு முழுக்கப் பள்ளிகளில் நீச்சல் குளம் கட்டும் வேலை வேகம் பிடித்தது. புடவையோடும் சுடிதாரோடும் கடலில் இறங்கும் நமக்கு அந்தப் பயிற்சி அவர்களைவிட அதிகம் தேவை.

இந்த மே மாதம் ஊருக்கு வந்தபோது சில்வர் பீச்சுக்குப் போனேன். நல்ல கூட்டம். எங்கே இறங்கலாம், எங்கே கூடாது என்று காட்டும் கொடியோ மிதவையோ என் கண்ணில் படவில்லை. அதிகாரிகளிடம் பெரிய செலவு எதுவும் கேட்கவில்லை. ஏப்ரல், மே இரண்டு மாதமும், காணும் பொங்கல், மாசி மகம் போன்ற கூட்ட நாட்களிலும் நூறு மீட்டர் இடத்தை மிதவை கட்டி ஒதுக்குங்கள், தினமும் காலையில் கடலைப் பார்த்துக் கொடி ஏற்றுங்கள். அந்தக் கடலைத் தேவனாம்பட்டினத்து மீனவ இளைஞர்களைவிட அறிந்தவர்கள் யார்? அவர்களுக்கே பயிற்சியும் முறையான சம்பளமும் கொடுத்து மேடையில் உட்கார வையுங்கள். அடுத்த ஏப்ரலில் வருகிறேன். என் அக்கா பையனுக்கும் இப்போது எட்டாம் வகுப்புதான், சில்வர் பீச்சுக்குக் கூட்டிப் போங்க மாமா என்று இப்போதே கேட்டு வைத்திருக்கிறான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்