தாம்பூலப் பையில் என்ன போடுவது?

கும்பகோணம்,
ஐப்பசி

அன்புள்ள விஜி,

இங்கே எல்லோரும் நலம். விடாத மழை. தாளடி நடவு நடக்கிற நேரம் என்பதால் இவர் முகத்தில் சிரிப்பு; மாடியில் காயப்போட்ட துணிகளை நினைத்து எனக்குத்தான் எரிச்சல். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கோயம்புத்தூர்க் குளிரில் கூடிவிடப் போகிறது, தைலம் தேய்க்காமல் இருக்காதே.

பையனுக்கு வைகாசியில் முகூர்த்தம் குறித்தாயிற்று என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். தாம்பூலப் பையில் என்ன போடலாம் என்று போயும் போயும் என்னைக் கேட்டிருக்கிறாயே! என் பெண் கல்யாணத்துக்கு மண்டபம், சமையல், நாதஸ்வரம் எல்லாம் ஒரே பேச்சில் முடிந்த வீட்டில், இந்தப் பைக்காக மட்டும் நாங்கள் அத்தனை சண்டை போட்டோம்.

சம்பந்தி அம்மாளுக்கு எவர்சில்வர் டப்பா கொடுக்க ஆசை. மூடியில் பெண், மாப்பிள்ளை பெயரையும் தேதியையும் வெட்டிக் கொடுத்தால் காலத்துக்கும் நிற்கும் என்கிறார். நிற்கும்தான். என் அடுப்படியில் அப்படி எத்தனை நிற்கிறது தெரியுமா? பாதிப் பேர் யாரென்றே எனக்கு நினைவில்லை. அதில் ஒரு ஜோடி பிரிந்தே போய்விட்டது. அவர்கள் பெயர் போட்ட டப்பாவிலிருந்துதான் தினமும் கடுகு எடுத்துத் தாளிக்கிறேன். இதைச் சம்பந்தியிடம் சொல்ல முடியுமா? டப்பா சின்னதாக இருக்கிறது என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

நாத்தனாருக்கு வேறு யோசனை. நம்ம ஊர்ப் பொருளாகக் கொடுப்போம், தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை வாங்குவோம் என்றாள். புன்னைநல்லூர் மாரியம்மன் கோவிலுக்குப் போனபோது கடைகளில் பார்த்தோம். அடியில் களிமண் கனமாக உட்கார்ந்திருப்பதால் எப்படித் தள்ளினாலும் நிமிர்ந்துவிடுகிறது. புவிசார் குறியீடு வாங்கிய பொருள், பார்க்கவும் அழகு. ஆனால் தேங்காயோடு ஒரே பையில் போட்டு, மயிலாடுதுறை பஸ்ஸில் நின்றுகொண்டே போகிறவர் கையில் கொடுத்தால் பொம்மைக்குத் தலை மிஞ்சாது. மாப்பிள்ளை வீட்டு நெருங்கின உறவுக்கு மட்டும் அட்டைப் பெட்டியில் வைத்துத் தனியாகக் கொடுப்பதென்று சமாதானம் ஆயிற்று. நாச்சியார்கோவில் விளக்கையும் நினைத்துப் பார்த்தோம். காவிரி வண்டலில் அச்சு எடுத்து வார்க்கிற அசல் விளக்கை எடை போட்டு விலை சொன்னதும் இவர் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

என் கட்சி இதுதான் விஜி. கொடுக்கிற பொருள் ஒரு வாரத்தில் அவர்கள் வீட்டில் தீர்ந்துபோக வேண்டும். பரணில் ஏறக் கூடாது. அதனால் தேங்காய், வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமத்தோடு கால் கிலோ மாப்பிள்ளைச் சம்பா அவல். அரிசியாகவே கொடுக்கலாமே என்றார் இவர். அதை முதல் நாளே ஊறவைத்து, வேகும்வரை யார் காத்திருப்பது? அவல் என்றால் வெல்லமும் தேங்காயும் போட்டுப் பிசைந்தால் முடிந்தது, தேங்காயும் அதே பையில் இருக்கிறது. பெயரைக் கேட்டதுமே சம்பந்தி அம்மாள் டப்பாவை மறந்துவிட்டார்!

அவல் தருகிறவர் திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக்காரர். பாரம்பரிய நெல் விதைகளைத் தேடிக் காப்பாற்றிய நெல் ஜெயராமன் ஆதிரெங்கத்தில் நடத்திய நெல் திருவிழாவில் 2 கிலோ விதை வாங்கினால் மறு வருஷம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் இல்லையா, அப்படி வாங்கி வந்த விதையிலிருந்து தொடங்கியவராம். ஜெயராமன் 2018 டிசம்பரில் போய்விட்டார். அவல்காரர் இன்னும் அதே நெல்லைத்தான் போடுகிறார்.

தேங்காய் தம்பி தோப்பிலிருந்து வருகிறது. கஜா புயலில் பட்டுக்கோட்டைப் பக்கம் எப்படிச் சாய்ந்து கிடந்தது என்று நீயே வந்து பார்த்தாய். அப்புறம் வைத்த கன்றுகள் இப்போது காய்க்கின்றன. அக்கா பெண் கல்யாணத்துக்கு இந்தக் காய்தான் என்று முன்னாலேயே சொல்லிவிட்டான். தேங்காய் விற்கிற விலைக்கு இது பெரிய உபகாரம். நீ கடையில் வாங்குவதானால் குடுமியோடு எடு, உரித்து ரொம்ப நாள் வைக்காதே, வெயிலில் வெடித்துவிடும்.

வெற்றிலை எதற்கு, இப்போது யார் போடுகிறார்கள் என்று உன் பையன் கேட்பான். என் பெண்ணும் கேட்டாள். அகத்தியில் கொடி ஏற்றி, ராஜகிரி, பண்டாரவாடை, சுவாமிமலைப் பக்கம் வளர்க்கிற கொழுந்து வெற்றிலை இது; 2025இல் கும்பகோணம் வெற்றிலைக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அது இல்லாமல் இந்த ஊரில் ஒரு தாம்பூலமா? யாரும் போடாவிட்டாலும் ரசத்தில் கிள்ளிப் போடட்டும். ஒன்று மட்டும் கவனி: வெற்றிலையை முதல் நாள் ராத்திரியே பைக்குள் போட்டுவிடாதே. வாழை மட்டையில் சுற்றி ஈரச் சாக்கில் வைத்திருந்து, காலையில் முகூர்த்தம் ஆகும்போது போடச் சொல்.

பை விஷயத்தில் ஏமாறாதே. பளபளவென்று பிள்ளையார் படம் போட்டு, துணி மாதிரியே இருக்கிற பையைக் காட்டுவார்கள். தொட்டால் துணிதான், ஆனால் உருக்கி ஒட்டின பிளாஸ்டிக் இழை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்த பொருள்களில் அந்த நெய்யாத பையும் உண்டு. நாங்கள் மஞ்சப்பைதான் அடிக்கக் கொடுத்திருக்கிறோம். நாம் காலேஜுக்கு மஞ்சப்பையில் புத்தகம் கொண்டுபோனால் பட்டிக்காடு என்று சிரித்தார்களே, இப்போது அரசாங்கமே ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று இயக்கம் நடத்துகிறது. பெயர் வேண்டும் என்ற சம்பந்தியின் ஆசையையும் அதிலேயே தீர்த்துவிட்டோம், ஒரு பக்கம் மட்டும், சின்ன எழுத்தில். காய்கறி வாங்கப் போகிறவர்கள் மறுபக்கத்தைத் திருப்பிப் பிடித்துக்கொள்ளலாம்.

எத்தனை பை என்று கேட்டாயே. தலைக்கு ஒன்று என்று கணக்குப் போடாதே, குடும்பத்துக்கு ஒன்று போதும். ஆனால் வாசலில் பை கொடுக்க முகம் தெரிந்த பெரியவர் ஒருவரை உட்கார வை. சின்னப் பிள்ளைகளை உட்கார வைத்தால் கேட்கிறவருக்கெல்லாம் நாலு நாலாகப் போய்விடும்.

நீ கல்யாணத்துக்கு முன்னாலேயே வந்துவிடு, பை கட்ட ஆள் வேண்டும். வைகாசிக்கு உனக்கும் அவல் வேண்டுமென்றால் இப்போதே சொல், அறுப்பு முடிந்ததும் அவரிடம் எடுத்துவைக்கச் சொல்கிறேன். பத்திரிகை அச்சிலிருந்து வந்ததும் அனுப்புகிறேன். உன் மாமியாருக்குத் தனிப் பத்திரிகை வைக்க வேண்டுமா, உன்னுடையதிலேயே பெயர் எழுதினால் போதுமா? மறக்காமல் பதில் போடு.

அன்புடன்,
கமலா