ஒரு நேரத்தில் ஒரு சுரம்

கோயம்புத்தூர்,
ஞாயிறு காலை

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண்புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. ஆனால் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருக்கும் நாட்களிலேயே இவ்வளவு நீளமாக எழுதியிருக்கிறாய். தங்கைக்குத் தெரிந்தால் உன்னோடு சேர்த்து என்னையும் திட்டுவாள். இங்கே எல்லோரும் நலம். முழங்காலின் பேச்சைக் கேட்டு மாடியைக் காலி செய்துவிட்டுக் கீழ்வீட்டுக்கு வந்துவிட்டோம். இசைத்தட்டுகளை இறக்கியதுதான் பெரும்பாடு. "எல்லாமே கைபேசியில் கிடைக்கிறதே அப்பா" என்றான் மகன். கிடைக்கிறதுதான். பதில் சொல்லாமல் அடுத்த பெட்டியை அவன் கையில் கொடுத்தேன்.

உன் மகள் கிதாரில் தன் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்யத் தொடங்கிவிட்டாள் என்று எழுதியிருக்கிறாய். சொல்லப்போனால் கடிதத்தில் செய்தி அது ஒன்றுதான். மற்றதெல்லாம் உன் கவலை. ப்ளூஸ் என்ற அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு மரபை வாசிக்கும் நண்பர்கள் அவள் வாசிப்பைக் கேட்டு இது ஜாஸ் என்கிறார்களாம். ஜாஸ் கற்றுக்கொடுத்தவரோ, ப்ளூஸ் வெறும் படிக்கட்டு, ஏறிய பிறகு அங்கேயே நிற்கக்கூடாது என்கிறாராம். இரண்டு பக்கமும் சேர்த்துக்கொள்ளாமல் பிள்ளை நடுவில் நின்றுவிடுவாளோ என்று உனக்குப் பயம். இதற்கு என்னிடம் நேரடியான பதில் ஒன்றுமில்லை. ஓர் ஆல்பம் மட்டும் இருக்கிறது. பெட்டிகளைப் பிரித்தபோது மேலாக வந்ததால் இந்த வாரம் முழுவதும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கிராண்ட் கிரீன் என்ற கிதார்க் கலைஞரின் முதல் ஆல்பம், 'கிராண்ட்ஸ் ஃபர்ஸ்ட் ஸ்டாண்ட்'. 1961 ஜனவரி 28 அன்று பதிவானது. அப்போது அவருக்கு வயது 25.

நம் விடுதி மொட்டைமாடியில் சிற்றலை வானொலியை வைத்துக்கொண்டு, வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவின் ஜாஸ் நிகழ்ச்சியில் வில்லிஸ் கோனோவர் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி அறிவிப்பதைக் கேட்போமே, அதில் கிரீனைக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. அவர் என்னிடம் வந்து சேர்ந்தது வெகுகாலம் கழித்து, பழைய தட்டுகள் விற்கும் ஒரு கடையில். 1979 ஜனவரியில், 43 வயதில், நியூயார்க்கில் மாரடைப்பில் இறந்தார். நாம் விடுதியில் இருந்த காலம்தான் அது. செய்தி நம் காதுக்கு எட்டவே இல்லை.

மிசூரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரத்துக்காரர். தொடக்கத்தில் அப்பாதான் கற்றுக்கொடுத்திருக்கிறார். பதின்ம வயது தொடங்கும்போதே காஸ்பல் என்ற தேவாலயப் பாட்டுக் குழுக்களில் வாசித்தவர். பிறகு அந்த ஊர் மதுக்கூடங்களில் வாசித்தார். அங்கே வந்தவர்கள் ஆட வந்தவர்கள், குடிக்க வந்தவர்கள், நாள் முழுக்க உழைத்துவிட்டு வந்தவர்கள். ஒரே இரவில் ரிதம் அண்ட் ப்ளூஸும் வேண்டும், ஜாஸ் சாக்ஸஃபோன் கலைஞர் சார்லி பார்க்கரின் வேகமும் வேண்டும், நடுவில் யாராவது கேட்டால் ஒரு பழைய காதல் பாட்டும் வேண்டும். இதிலே எது ப்ளூஸ், எது ஜாஸ் என்று பிரித்துவைப்பது தட்டு விற்கும் கடைக்காரரின் வேலை, வாசிப்பவரின் வேலை இல்லை. அதனால்தான் கிரீன் இரண்டையும் 'கலந்தார்' என்று யாராவது எழுதினால் எனக்கு ஒப்புவதில்லை. அவர் கைக்கு வந்தபோது அவை பிரிந்திருக்கவே இல்லை.

ஆல்டோ சாக்ஸஃபோன் கலைஞர் லூ டொனால்ட்சன் செயின்ட் லூயிஸில் இவரைக் கேட்டுவிட்டு நியூயார்க்கிற்கு அழைத்துப் போனார். ஜாஸ் இசைத்தட்டுகளை வெளியிடும் ப்ளூ நோட் நிறுவனத்தின் ஆல்ஃப்ரெட் லயனிடம் அறிமுகப்படுத்தினார். வழக்கமாகப் புது ஆளைச் சில காலம் மற்றவர்களுக்குப் பக்கவாத்தியமாக வாசிக்கவிட்டுத்தான் தனி ஆல்பம் கொடுப்பார்கள். லயனுக்கு இவர்மீது அவ்வளவு நம்பிக்கை, நேராகவே தலைமை கொடுத்துவிட்டார். 1960 நவம்பரில் முதல் பதிவு. உடன் வாசித்தவர்களைக் கேள்: பியானோவில் விண்டன் கெல்லி, கீழ்ச்சுரங்களைத் தரும் பாஸில் பால் சேம்பர்ஸ், டிரம்ஸில் ஃபில்லி ஜோ ஜோன்ஸ். மூவருமே பெரும்புகழ் பெற்ற ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸோடு வாசித்தவர்கள். ஊரிலிருந்து வந்த இளைஞனுக்கு இதைவிடப் பெரிய வரவேற்பு கிடைக்காது.

அந்தப் பதிவை லயன் வெளியிடவில்லை. அலமாரியில் கிடந்து 2001-இல்தான் வெளியே வந்தது, கிரீன் இறந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு. நான் கேட்டேன். மோசம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த மூவரும் விரிக்கும் கம்பளத்தில் இவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நடக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டே மாதத்தில் லயன் மறுபடி அழைத்தார். இந்த முறை பியானோ இல்லை, பாஸ் இல்லை. ஹாமண்ட் ஆர்கனில் பேபி ஃபேஸ் வில்லெட், டிரம்ஸில் பென் டிக்சன், அவ்வளவுதான்.

இந்த ஆர்கனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். 1935-இல் லாரன்ஸ் ஹாமண்ட் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது, குழாய் ஆர்கன் வாங்கப் பணமில்லாத தேவாலயங்கள்தான் அதற்குப் பெரிய வாடிக்கையாளர்கள். கறுப்பின மக்களின் தேவாலயங்களில் அது நிலைபெற்று, அங்கிருந்து அதே தெருவின் மதுக்கூடங்களுக்கும் போய்ச் சேர்ந்தது. ஞாயிறு காலையில் ஒரு இடம், சனி இரவில் இன்னொரு இடம், வாசிப்பவர் பல நேரம் ஒரே ஆள். வில்லெட்டின் தந்தை ஒரு போதகர். ஆர்கன் வாசிப்பவர் இடது கையாலும் காலடிக் கட்டைகளாலும் பாஸையும் தானே வாசித்துவிடுவதால், மதுக்கூட முதலாளிக்கு ஒரு ஆள் சம்பளம் மிச்சம். இப்படித்தான் ஆர்கன், கிதார், டிரம்ஸ் என்ற மூவர் குழு ஊருக்கு ஊர் பரவியது. கிரீனுக்கு இது பிறந்த வீடு.

நாட்களைப் பார், வேடிக்கையாக இருக்கும். ஜனவரி 23 அன்று லூ டொனால்ட்சனின் ஆல்பத்தில் கிரீனும் வில்லெட்டும் வாசிக்கிறார்கள். 28 அன்று கிரீனின் ஆல்பம். 30 அன்று வில்லெட்டின் ஆல்பம், அதில் கிரீனும் டிக்சனும் உண்டு. எட்டு நாட்களுக்குள் மூன்று ஆல்பங்கள், எல்லாம் நியூ ஜெர்சியில் ரூடி வான் கெல்டரின் ஒலிப்பதிவுக் கூடத்தில். வான் கெல்டர் கண் பரிசோதகராக வேலை பார்த்துக்கொண்டே பெற்றோர் வீட்டு முன்னறையில் ஒலிப்பதிவு செய்துவந்தவர். 1959-இல்தான் இந்தத் தனிக் கூடத்தைக் கட்டி வேலையை விட்டார். (உன் கண் மருத்துவருக்கும் இப்படி ஏதாவது ரகசியம் இருக்கிறதா என்று விசாரி.) அப்போதெல்லாம் கூடி உட்கார்ந்து வாசித்ததுதான் பதிவு. பிறகு வந்து ஒரு சுரத்தை மட்டும் திருத்திவிட்டுப் போகும் வசதி கிடையாது. உன் மகள் ஒரே ஒரு பகுதியை வாரக்கணக்கில் திருத்திக்கொண்டிருக்கிறாள் என்று நீ எழுதியிருந்ததால் சொல்கிறேன்.

ஆல்பத்தில் ஆறு துண்டுகள். மூன்று கிரீன் அமைத்தவை, ஒன்று வில்லெட்டுடையது. மீதி இரண்டும் பழைய பாடல்கள். முதலில் வருவது 'மிஸ் ஆன்'ஸ் டெம்போ'. பன்னிரண்டு தாளச் சுற்றில் முடிகிற ப்ளூஸ், ஆனால் ஓட்டமான காலத்தில். தொடங்கியவுடனே உன் மகளை ஒன்றைக் கவனிக்கச் சொல். அவர் கார்டு போடுவதில்லை, அதாவது பல சுரங்களை ஒன்றாகச் சேர்த்து மீட்டுவதில்லை. அதே கிதாரில் வெஸ் மாண்ட்கோமரி ஒரே சுரத்தை இரண்டு ஸ்தாயியிலும் சேர்த்து வாசித்துப் புகழ்பெற்றார். கென்னி பரல் கார்டுகளை அழகாக அடுக்குவார். கிரீன் இதில் இரண்டு பக்கமும் போகவில்லை. ஒரு நேரத்தில் ஒரு சுரம். கிதார்க்காரர்களைவிடச் சாக்ஸஃபோன்காரர்களைத்தான் அதிகம் கேட்டவர், அதனால் வாக்கியம் வாக்கியமாக வாசிக்கிறார், ஊதுபவர் மூச்சு வாங்குகிற இடத்தில் இவரும் நிறுத்துகிறார். சார்லி பார்க்கர் வழி வந்த பீபாப் என்ற வேகமான ஜாஸின் நீண்ட வளைந்த வரிகள் வரும். முடியும்போது மூன்றாவது சுரம் கொஞ்சம் கீழே இழுபட்டு ப்ளூஸில் வந்து உட்காரும். எந்த இடத்தில் ஒன்று முடிந்து மற்றது தொடங்கியது என்று நான் பலமுறை தேடிப் பார்த்திருக்கிறேன். கோடு எதுவும் அகப்படவில்லை.

அவருடைய ஒலிக்கும் காரணம் உண்டு. ஆம்ப்ளிஃபயரில் கீழ்ச்சுருதியையும் மேல்ச்சுருதியையும் குறைத்துவிட்டு நடுப்பகுதியை முழுக்க ஏற்றிவிடுவார் என்று இன்னொரு கிதார்க் கலைஞரான ஜார்ஜ் பென்சன் சொல்லியிருக்கிறார். மினுமினுப்பு எதுவும் இல்லாமல் குரலுக்குப் பக்கத்தில் வரும் ஒலி அது. மகளைச் செய்து பார்க்கச் சொல், காசு செலவில்லாத சோதனை.

அடுத்தது உனக்குப் பிடிக்காமல் போகக்கூடிய விஷயம். தனிவாசிப்பின் உச்சத்தில் சின்னதாக ஒரு சொற்றொடரை எடுத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்ப வாசிப்பார். மாற்றவே மாட்டார். நம் ஊர்க் கச்சேரிகளில் வளர்ந்த காதுக்கு ஒவ்வொரு முறையும் சங்கதி ஒன்று கூடினால்தான் திருப்தி. இவர் கூட்டுவதில்லை. கீழே ஆர்கன் நகர்கிறது, டிக்சன் அழுத்தத்தை ஏற்றுகிறார், இவர் மட்டும் அதே நாலைந்து சுரத்தில் நிற்கிறார். முதலில் எரிச்சல் வரும். பிறகு, எப்போது விடப்போகிறார் என்று காத்திருக்கத் தொடங்கிவிடுவாய். மதுக்கூடத்தில் ஆடுபவர்களுக்கு வாசித்துக் கற்றது இது. அந்தக் காலத்து விமரிசகர்கள் சிலருக்கு இது எளிமையாகத் தோன்றியிருக்கலாம். எனக்கோ, விரல்கள் எங்கு வேண்டுமானாலும் ஓடக்கூடிய 25 வயதில் ஒரே இடத்தில் நிற்கத் துணிந்ததுதான் இந்த ஆல்பத்திலேயே பெரிய காரியம்.

எனக்கு மிகவும் பிடித்தது 1922-இல் எழுதப்பட்ட ஒரு பழைய ப்ளூஸ் பாட்டு, 'டெய்ன்'ட் நோபடிஸ் பிஸ்னஸ் இஃப் ஐ டூ'. பெஸ்ஸி ஸ்மித் 1923-இல் பாடிப் பதிவு செய்தது. என் விருப்பப்படி நான் நடப்பேன், அதைக் கேட்க நீ யார் என்பதுதான் பாட்டின் பொருள். கிரீன் அதை மிக மெதுவாக எடுத்துக்கொள்கிறார். வில்லெட்டின் ஆர்கனில் தேவாலயம் அப்படியே இருக்கிறது. சொற்களே இல்லாமல் அந்த வீம்பு எப்படியோ வந்துவிடுகிறது. மகளின் ஜாஸ் ஆசிரியருக்கு இதைப் போட்டுக் காட்டலாம். ஆனால் நீ போடாதே, அவளே போடட்டும்.

மற்றவை பற்றி நீட்டவில்லை. 'லல்லபை ஆஃப் த லீவ்ஸ்' நன்றாக இருக்கிறது, கடைசித் துண்டு எனக்குச் சுமார்.

இன்னொன்று. கெல்லி, சேம்பர்ஸ், ஃபில்லி ஜோ மூவரோடு நவம்பரில் ஒட்டாமல் போனதே, அதே மூவரோடு 1961 மார்ச்சில் சாக்ஸஃபோன் கலைஞர் ஹாங்க் மோப்லியின் 'வொர்க்அவுட்' ஆல்பத்தில் கிரீன் வாசிக்கிறார். அங்கே ஓரமாக நடப்பதெல்லாம் இல்லை. நடுவில் நான்கு மாதங்கள்தான் ஓடியிருக்கின்றன. தனக்குப் பழக்கமான மூவர் குழுவில் தன் பெயரில் ஓர் ஆல்பத்தை முடித்துவிட்டு வந்ததுதான் வித்தியாசம் என்பது என் ஊகம். மறு ஆண்டே டவுன்பீட் என்ற ஜாஸ் இதழின் விமரிசகர்கள் கிதாரில் புதிய நட்சத்திரம் என்று அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். பின்னாளில் போதைப் பழக்கம், சில ஆண்டுகள் ஒதுங்கியிருந்தது, ஃபங்க் என்ற ஆட்ட இசையின் பக்கம் திரும்பியது என்று வாழ்க்கை கரடுமுரடாகத்தான் போனது. இறந்தபோதும் ஜார்ஜ் பென்சனின் மதுக்கூடத்தில் வாசிக்கத்தான் நியூயார்க் வந்திருந்தார். 1990-களில் ஹிப்-ஹாப் இளைஞர்கள் அவருடைய பழைய தட்டுகளிலிருந்து துண்டுகளை வெட்டி எடுத்துத் தங்கள் பாட்டுகளில் வைத்துக்கொண்டார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்ததும் அந்தத் திரும்பத் திரும்ப வரும் இடங்களைத்தான் என்பது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

மகளிடம் ஒன்று மட்டும் கேட்டு எழுது. யாரோடு வாசிக்கிறாள்? பெரிய பெயர்களைக் கூலிக்குப் பிடிக்கப் போகிறாள் என்று நீ எழுதியது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு வாரமும் வீட்டுக்கு வந்து வாசிக்கும் டிரம்ஸ் பையன் ஒருவன் உண்டே, உன் வீட்டு முன்னறையில் ஜன்னல் கண்ணாடி அதிரும் என்று நீ புலம்புவாயே, அவனை வைத்துக்கொள்ளவில்லையா?

வீட்டில் எல்லோரும் உன்னை விசாரிக்கிறார்கள். அடுத்த மாதம் தங்கையை அழைத்துக்கொண்டு வா. இப்போது ஏறப் படிகள் இல்லை. வரும்போது தட்டுச்சுழலிக்கு ஊசி வாங்கி வர முடியுமா? மாதிரி எண்ணை அட்டையின் பின்புறம் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். மகள் இதுவரை முடித்த பதிவு எதுவானாலும் அனுப்பச் சொல், திருத்தாததாக இருந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்