ஓடிபி கேட்காமலும் பணம் போகும்

தண்டையார்பேட்டை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் இங்கே எல்லாருக்கும் சந்தோஷம். முதல் சம்பளத்துக்கு முன்பே கிரெடிட் கார்டு தேடி வந்துவிட்டதாமே! அவளிடம் என் மச்சினன் கதையைச் சொல்லிவை.

எம்.சி. ரோட்டில் துணிக்கடை வைத்திருக்கிறானே, அவன்தான். ஓடிபியைப் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லமாட்டான். பேங்கிலிருந்து பேசுகிறோம் என்று எவனாவது கூப்பிட்டால் வண்ணாரப்பேட்டை பாஷையில் திட்டித் தீர்த்துவிடுவான். அப்படிப்பட்டவனுக்குப் போன மாதம் விடியற்காலையில் ஒரு எஸ்எம்எஸ். டாலரில் ஏதோ வாங்கியதாக. ஓடிபியே வரவில்லை!

விஷயம் இதுதான். நம் நாட்டுத் தளங்களில்தான் ஓடிபி மாதிரி இரண்டாவது சரிபார்ப்பு கட்டாயம். வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் கார்டு எண், காலாவதித் தேதி, பின்பக்க மூன்று இலக்கம் தெரிந்தால் போதும். அதனால் பேங்க் ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டை முதலில் அணைத்துவைக்கச் சொல். 2020 அக்டோபரிலிருந்து இந்த வசதியைத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. மச்சினன் கார்டு பழையது, எல்லாம் திறந்தே கிடந்தது. கடை மெஷினில் கார்டைத் தட்டிப் பணம் கட்டும் வசதியையும் அப்படியே அணைத்துவைக்கலாம். அதில் 5,000 ரூபாய் வரை பின் நம்பர் கேட்காது. கார்டு தொலைந்தால் எடுத்தவனுக்குக் கொண்டாட்டம்.

அவன் உடனே கார்டை பிளாக் செய்தான். போனில் 'கிளைக்கு வாங்க சார்' என்று இழுத்தடித்தார்கள். விடாமல் மெயிலும் போட்டு, புகார் எண்ணை வாங்கிக்கொண்டான். அது ரொம்ப முக்கியம்டா. 2017 விதிப்படி, தப்பு நம் மேலும் இல்லை, பேங்க் மேலும் இல்லை என்றால், தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால் நமக்கு நஷ்டம் கிடையாது. 4 முதல் 7 வேலை நாள் என்றால் நம் பங்கும் உண்டு. 5 லட்சம் வரை லிமிட் உள்ள கார்டுக்கு அதிகபட்சம் 10,000. ஓடிபியை நாமே சொல்லிக் கொடுத்திருந்தால், பேங்குக்குத் தெரிவிக்கும்வரை போனது நம் தலையில்தான். சொன்ன 10 வேலை நாளுக்குள் பேங்க் அந்தத் தொகையைத் தற்காலிகமாகவாவது திரும்ப வைக்க வேண்டும். வைத்தார்கள்.

சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கும் போன் போட்டுச் சொல்லிவிட வேண்டும். ஆனால் பேங்க் நம்பரை கூகுளில் தேடக் கூடாது, அங்கே போலி நம்பர்கள் திரிகின்றன. கார்டின் முதுகிலேயே இருக்கிறது.

சரி, பொங்கலுக்கு வருகிறாய்தானே? சென்ட்ரலில் இறங்கி மெட்ரோ பிடித்துவிடு, ஆட்டோ பேரம் வேண்டாம். காசிமேட்டில் வஞ்சிரம் வேண்டுமென்றால் விடிவதற்கு முன் எழ வேண்டும், இப்போதே சொல்லிவிட்டேன்.

உன்
ரவி