பெயர் போடாத நன்றி மடல்

அன்புள்ள அண்ணன்மார்களே, அக்காமார்களே,

பெயர் போட்டு நன்றி சொல்லத்தான் ஆசை. ஆனால் மீட்டிங்குக்கு வருகிறவர்களின் பெயரை வெளியில் சொல்வதில்லை என்பது ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) என்ற, குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் நம் குழுவின் மரபு. ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் இதைப் படிக்கிறவர்கள், "அட, இது நான்தான்" என்று நீங்களே கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்.

முதல் நன்றி, ஐஸ் லாரி ஓட்டும் அண்ணனுக்கு. நாளையிலிருந்து ஒரு சொட்டுக்கூடத் தொட மாட்டேன் என்று நான் வீரம் பேசியபோது, "டாக்டரைப் பார்க்காம நிறுத்தாதடா" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனார். வருடக்கணக்காகக் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிரே போகலாம். அது அன்றுவரை எனக்குத் தெரியாது. கை நடுக்கம் அடங்கும்வரை வார்டு வாசலில் காத்துக்கிடந்தவர் அவர்.

அப்புறம் மீட்டிங். 1935ல் அமெரிக்காவில் ஒரு பங்குத் தரகரும் ஒரு அறுவை மருத்துவரும், குடியில் சீரழிந்த இரண்டு பேர், ஒருவரோடொருவர் மனம்விட்டுப் பேசி ஆரம்பித்த விஷயம் இது. குடியை விட வேண்டும் என்ற ஆசை இருந்தால் போதும், கட்டணம் கிடையாது. உண்டியலில் நாமே போடுகிற காசில்தான் டீச்செலவும் அறை வாடகையும். வெளியாள் நன்கொடை தந்தால் வாங்க மாட்டார்கள். பேனர் வைக்காமல் குடிதண்ணீர்கூடத் தராத ஊரில் இப்படியும் ஒரு கூட்டம்!

உங்களுக்கு நான் பெரிதும் கடன்பட்டது வேறு ஒரு விஷயத்துக்கு. அப்பா விசைப்படகில் போனவர். மீன்பிடித் தடைக்காலம் என்றாலே எனக்கு வயிறு கலங்கும். இப்போது 61 நாள், அப்போது ஏப்ரல் 15லிருந்து 45 நாள். வேலையில்லை, கடன் வாங்கிக் குடி, ராத்திரியில் அம்மாவுக்கும் எனக்கும் அடி. மாடிப்படியில் அவர் செருப்புச் சத்தத்தை வைத்தே இன்றைக்கு எவ்வளவு குடித்திருக்கிறார் என்று கணக்குப் போடுவேன். குடியை விட்ட பிறகுதான் அந்தச் சத்தம் மறுபடி கேட்க ஆரம்பித்தது. அதை ஒருநாள் உங்கள் முன்னால் சொன்னேன். குறுக்கே யாரும் பேசவில்லை. "பெத்த அப்பாதானே, மன்னிச்சிடு" என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. சொந்தக்காரர்கள் எல்லோரும் சொன்னது அதைத்தான். கலையும்போது பெரியவர் ஒருவர் மட்டும், "எங்க வூட்லயும் இதேதான் நைனா" என்றார். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

இதற்குக் குழு மட்டும் போதாது, மனநல ஆலோசகரையும் பார் என்று சொன்ன என் ஸ்பான்சருக்கும் (குழுவில் எனக்கு வழிகாட்டும் மூத்தவர்), அவசரப்படுத்தாமல் கேட்ட அந்த ஆலோசகருக்கும் நன்றி.

என் மனைவியை அல்-அனானுக்குக் கூட்டிப்போன பெரம்பூர் அக்காவுக்கும். அது குடிப்பவரின் குடும்பத்தாருக்கான கூட்டம். "முதலாளிக்குப் போன் பண்ணி உனக்காகப் பொய் சொல்லமாட்டேன்" என்று அவள் முதல்முறை சொன்னபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல, அக்கா. இப்போது சொல்கிறேன், நல்ல வேலை செய்தீர்கள்.

டாஸ்மாக் திறக்கும் பகல் 12 மணிக்குச் சரியாகப் போன் செய்து, "சாப்டியா?" என்று மட்டும் கேட்கும் ஆட்டோ தம்பிக்கும் நன்றி. பசி, கோபம், தனிமை, களைப்பு, இந்த நாலும்தான் ஆளைக் கடைப்பக்கம் தள்ளும் என்று மீட்டிங்கில் சொல்வார்கள். அவன் பசியிலிருந்து ஆரம்பிக்கிறான்.

சனிக்கிழமை டீ இப்போது என் பொறுப்பு. சர்க்கரை கம்மி என்று போன வாரம் சொன்னவர்களுக்கும் நன்றி, இந்த வாரம் கூடப் போடுகிறேன்.

உங்களில் ஒருவன்,
காசிமேடு