சாட்சிக் கூண்டில் ஆதாம்

அன்புள்ள ஜோசப்,

உன் கடிதம் கிடைத்தது. மேரிக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்ததைப் படித்தபிறகுதான் மனசு நிலைகொண்டது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல். இங்கே எல்லாரும் சுகம். கவிதாவுக்கு ஒருவழியாக மாற்றல் கிடைத்துவிட்டது, இனி வாராவாரம் பஸ்ஸில் அலைய வேண்டாம்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பங்கில் நடக்கும் விவிலிய வகுப்பில் ஒரு பையன் எழுந்து, "களிமண்ணில் மனிதனைச் செய்த கதை பாபிலோனில் முன்பே இருந்ததாமே, அப்போ தொடக்கநூல் காப்பிதானே?" என்று கேட்டானாம். அவனுக்கு என்ன சொல்வது என்று எழுதச் சொன்னாய். முதலில், அந்தப் பையனை அடக்கிவிடாதே. கதை முன்பே இருந்தது உண்மைதான். அதை மறைத்துவிட்டால், விவிலியத்தின் முதல் புத்தகமான தொடக்கநூல் என்ன துணிச்சலான காரியம் செய்தது என்பதும் மறைந்துவிடும்.

அத்ரகாசிஸ் என்ற அந்த பாபிலோனியக் கதை கி.மு. 17ஆம் நூற்றாண்டுக் களிமண் பலகைகளிலேயே இருக்கிறது. மனிதர்கள் இல்லாத காலம். சின்னத் தெய்வங்கள்தான் ஆறு வெட்டி, வாய்க்கால் தோண்டி மாடாய் உழைக்கிறார்கள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் மண்வெட்டி, கூடை எல்லாவற்றையும் தீயில் போட்டுவிட்டு, நடுராத்திரியில் பெரிய தெய்வம் என்லிலின் வீட்டைச் சுற்றி வளைக்கிறார்கள். உலகத்தின் முதல் வேலைநிறுத்தம் என்றே சொல்லலாம். கடைசியில் ஒரு தெய்வத்தைக் கொன்று, அதன் சதையையும் இரத்தத்தையும் களிமண்ணில் பிசைந்து மனிதனை உண்டாக்குகிறார்கள். எதற்கு? அந்தக் கூடையை இனி இவன் சுமக்கட்டும் என்றுதான். அப்புறம் மனிதர்கள் பெருகிச் சத்தம் போடுகிறார்கள், என்லிலுக்குத் தூக்கம் வரவில்லை. கொள்ளைநோயை விடுகிறான், பஞ்சத்தை விடுகிறான், கடைசியாக வெள்ளம்.

பாபிலோனின் புத்தாண்டு விழாவில் அந்நகரின் தலைமைத் தெய்வமான மர்துக்கின் சிலைக்கு முன்னால் ஓதப்பட்ட எனூமா எலிஷ் என்ற படைப்புக் காவியத்திலும் இதே நோக்கம்தான். போரில் தோற்றுப்போன கிங்கு என்ற தெய்வத்தின் இரத்தத்திலிருந்து மனிதன் வருகிறான், தெய்வங்களின் பாரத்தைச் சுமப்பதற்காக.

இப்போது கி.மு. 6ஆம் நூற்றாண்டை நினைத்துப் பார். எருசலேம் கோவில் எரிந்துவிட்டது. யூதாவின் மக்கள் கைதிகளாக அதே பாபிலோனில் இருக்கிறார்கள். தொடக்கநூலின் முதல் அதிகாரம் இந்தக் காலத்தை ஒட்டி உருவானது என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். எனக்கும் அதுதான் பொருத்தமாகப் படுகிறது. எகிப்திலும் அசீரியாவிலும் கடவுளின் சாயல் என்று புகழப்பட்டவன் அரசன். நாடிழந்த இந்த மக்களோ, ஆணும் பெண்ணுமாக மனிதர் எல்லாருமே கடவுளின் சாயல் என்று எழுதிவைத்தார்கள். யாருடைய இரத்தமும் சிந்தாமல், ஒரு சொல்லில் படைப்பு நடக்கிறது. ஆறு நாள் வேலையை முடித்துக் கடவுள் ஓய்கிறார். அந்த ஓய்வைக் காரணம் காட்டித்தான் விவிலியத்தின் இரண்டாம் புத்தகமான விடுதலைப்பயணத்தின் 20ஆம் அதிகாரத்தில் அடிமைக்கும், அடிமைப்பெண்ணுக்கும், ஊருக்குப் புதிதாய் வந்தவனுக்கும், மாட்டுக்கும்கூட ஏழாம் நாள் விடுமுறை. கூடை சுமக்கப் பிறந்தவன் என்று சொல்லப்பட்டவனுக்கு வாரத்தில் ஒரு நாள் கிடைத்துவிட்டது! இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

இரண்டாம் அதிகாரத்தில் களிமண் வருகிறது. ஆனால் கடவுள் தாமே மண்ணைப் பிசைந்து உருவாக்கி, மூக்கில் மூச்சை ஊதுகிறார். அவ்வளவு பக்கத்தில் வந்து குனிகிறார். அங்கேயும் வேலை உண்டு, தோட்டத்தைப் பண்படுத்திக் காக்க வேண்டும். அதை உன் பையன் சுட்டிக்காட்டினால் ஒத்துக்கொள். ஆனால் அந்தத் தோட்டத்தில் பசியாறுவது தெய்வங்கள் இல்லை, மனிதன்தான். எனக்குப் பிடித்த இடம் அடுத்து வருவது: விலங்குகளை ஒவ்வொன்றாக அவனிடம் கொண்டுவந்து, என்ன பெயர் வைக்கிறான் என்று கடவுள் பார்க்கிறார். படைத்தவர், தாம் படைத்தவன் வாயிலிருந்து என்ன வரும் என்று காத்திருக்கிறார்.

வகுப்பில் இதோடு நிறுத்திவிடாதே. இந்தக் கதை பிற்காலத்தில் எங்கே போய் நின்றது என்பதையும் சொல். கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற யூதச் சட்டத் தொகுப்பில் சன்ஹெத்ரின் பகுதி நீதிமன்ற முறைகளைச் சொல்கிறது. மரண தண்டனை வழக்கில் சாட்சிகளை உள்ளே அழைத்து முதலில் பயமுறுத்துவார்களாம். ஊகத்தைச் சொல்லாதே, பிறர் சொல்லிக் கேட்டதைச் சொல்லாதே. பண வழக்கென்றால் பணத்தைக் கொடுத்துத் தீர்த்துக்கொள்ளலாம், இதில் அவன் இரத்தமும் அவனுக்குப் பிறக்கவிருந்த சந்ததியின் இரத்தமும் உலகம் உள்ளளவும் உன் தலையில். அதனால்தான் முதல் மனிதன் ஆதாம் ஒற்றை ஆளாகப் படைக்கப்பட்டான்: ஓர் உயிரை அழித்தவன் ஓர் உலகத்தையே அழித்தவன் என்று தெரிந்துகொள்ள.

அச்சிட்ட பல பதிப்புகளில் "இஸ்ரயேலில் ஓர் உயிர்" என்று இருக்கும். புடாபெஸ்ட்டில் இருக்கும், மிஷ்னாவின் பழைய கையெழுத்துப் பிரதியான காவுஃப்மன் சுவடியில் "இஸ்ரயேல்" கிடையாது. அதுதான் சரியாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஆதாம் இஸ்ரயேலன் இல்லையே, அவனை ஆதாரமாக வைத்துவிட்டு ஓர் இனத்துக்கு மட்டும் எப்படிச் சுருக்க முடியும்? அதே பத்தியில் இன்னொரு காரணமும் வருகிறது. "என் அப்பன் உன் அப்பனைவிடப் பெரியவன்" என்று யாரும் யாரிடமும் சொல்லக் கூடாது என்பதற்காகவும் ஒருவனையே படைத்தாராம். சாதிப் பெயரை வைத்து ஆளை அளக்கும் நம் ஊரில் இதற்கு விளக்கவுரையே தேவையில்லை ஜோசப்.

அந்தப் பையனையே எழுப்பி இரண்டு கதையையும் சத்தமாகப் படிக்கச் சொல். பிறகு, மண் எங்கிருந்து வந்தது என்பதை விட்டுவிட்டு, மனிதன் எதற்காக உண்டாக்கப்பட்டான் என்று கேள். அவன் என்ன சொன்னான் என்று எனக்கு மறக்காமல் எழுது. முதல் அதிகாரத்தில் ஆணும் பெண்ணும் ஒன்றாக வர, இரண்டாம் அதிகாரத்தில் அவள் பின்னால் வருவதைப் பற்றியும் கேட்டிருந்தாய். அதற்குத் தனிக் கடிதமே வேண்டும், அடுத்ததில் எழுதுகிறேன்.

அன்புடன்,
சண்முகம்